இரண்டாம் வரிசையில் சிரிக்காத நால்வர்

ஒரு டாக்டர் மேடையில் உட்கார்ந்து குறட்டை விட்டுக் காட்டினால் ஆஸ்பத்திரியின் மரியாதை என்னாவது என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. குறட்டை நன்றாக இருந்ததா இல்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன். நன்றாக இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். என் குறட்டைக்கு ஒரு காலத்தில் செகந்திராபாத் பக்கம் குஷாய்குடா வட்டாரத்தில் நல்ல பெயர்.

போன மாதம் மாதாப்பூரிலிருந்து இரண்டு இளம் டாக்டர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பெண். நான் தமிழில் கேட்டால் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்லுவாள். இருவரும் சேர்ந்து சுகர், பிரஷர், தைராய்டு என்று சின்னச் சின்ன நகைச்சுவை வீடியோக்கள் எடுத்துப் போடுகிறார்கள். நிறையப் பேர் பார்க்கிறார்களாம். எனக்கும் காட்டினார்கள். வயிறு குலுங்கச் சிரித்தேன், கெட்டிக்காரப் பிள்ளைகள். “ஆன்ட்டி, உங்க ஸ்கிட்டுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் யாரு?” என்று கேட்டாள் அந்தப் பெண். “ஸ்கிரிப்ட் கிடக்கட்டும். இந்த வீடியோவைப் பார்த்து யார் யார் சிரிக்கல, அதச் சொல்லு” என்றேன். அது எப்படித் தெரியும் என்றார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் வேலூர்த் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூட வாசலில் தக்கனி உருது. மூன்று பாஷையிலும் மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டி அடி வாங்கியவள் நான். மருத்துவம் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன், உட்கார்ந்துகொண்டே தூங்கினேன், பாஸானேன். பிறகு குஷாய்குடா பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமான ஆஸ்பத்திரி. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் ராவ். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஷூவில் முகம் பார்க்கலாம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களையும் நான் நம்பவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் நோயாளியின் மார்பில் வைப்பார். மருந்து எழுதிக் கொடுத்ததும் அனுப்பிவிட மாட்டார். “இப்ப வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்பார். நோயாளி தப்பாகச் சொன்னால் கோபிக்க மாட்டார். “நான் சரியாச் சொல்லல” என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெளியே நீளமாக வரிசை நிற்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

மாதம் ஒரு தடவை மதியச் சாப்பாட்டு வேளையில் கேன்டீன் ஹாலில் சுகாதாரச் சொற்பொழிவு நடக்கும். ஜனங்கள் வருவார்கள். ஃபேன் காற்றுக்காக வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்வார்கள். ஒரு நாள் மருந்தகத்தில் நான் டாக்டர் ராவைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஃபார்மசிஸ்ட் யாதகிரி சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மருந்து எண்ண ஆரம்பித்தான். திரும்பிப் பார்த்தால் வாசலில் ராவ். “என் குரல் இன்னும் கொஞ்சம் கனம்” என்றார். “அடுத்த மாசச் சொற்பொழிவு உன்னுது.”

முதல் நிகழ்ச்சி பிரஷரைப் பற்றி. மாத்திரை சாப்பிட்டு பிரஷர் இறங்கியதும், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுகிற அசட்டு மனிதனாக நான் நடித்தேன். குடை பிடித்ததால் நனையாதவன், அதுதான் நனையவில்லையே என்று கொட்டுகிற மழையில் குடையைத் தூக்கிப் போடுவான். ஹால் அதிர்ந்தது. நான் தலைகால் புரியாமல் இறங்கி வந்தேன்.

ராவ் தன் அறையில் கேட்டார்: “தூணை ஒட்டி நீலச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, அவர் யாரு?”

“தெரியலையே சார்.”

“எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிகழ்ச்சி முழுக்க அவர் மேடை ஓரத்தில் நாற்காலியை ஜனங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் நடித்ததை நீங்கள் பார்க்கவே இல்லையே சார் என்று கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னேன். “மேடையில இருக்கறது ஆரோக்கியமான டாக்டர். அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்?” என்றார்.

நீலச் சட்டைக்காரர் மெஷின் ஷாப்பில் வேலை செய்பவர். மாத்திரையை நிறுத்தி நாளாகியிருந்தது. பிரஷர் பார்த்து, எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். நேரத்தில் பிடித்ததால் ஆள் தப்பினார். ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தன்னை முட்டாளாகக் காட்டிச் சிரித்த இடத்துக்கு எந்த மனிதன் வருவான்? அதற்குப் பிறகு எங்கள் மேடையில் முட்டாள் எப்போதும் டாக்டர்தான். சுகர் பற்றிப் பேச வந்து ஒளித்து வைத்து ஜாங்கிரி தின்பவளும் நான்தான், ஊசிக்குப் பயந்து பீரோவுக்குப் பின்னால் பதுங்குபவளும் நான்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ராவ் சொல்லிக் கொடுத்தார். சிரிக்காதவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நோயைப் பற்றிப் பேசக் கூடாது. டீயில் சர்க்கரை ஜாஸ்தி, கேன்டீனில் புளிப்புக் குறைவு என்று எதையாவது பேச வேண்டும். டம்ளர் காலியாவதற்குள் பெரும்பாலும் அவரே ஆரம்பித்துவிடுவார். ஆரம்பிக்காவிட்டால் இன்னொரு டீ. நான் குடித்த டீக்குக் கணக்கில்லை.

இனி மாணிக்கத்தின் விஷயம். பெயரை மாற்றியிருக்கிறேன். சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஒரு மாதம் குறட்டையைப் பற்றிய நிகழ்ச்சி. நல்ல தூக்கத்தின் அவசியத்தைப் பற்றிப் பேச வந்த டாக்டர், பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுகிறாள். குறட்டை ஏறுகிறது, ஏறுகிறது, திடீரென்று நிற்கிறது. மூச்சே இல்லை. பிறகு ஒரு பெரிய உறுமலோடு மறுபடி கிளம்புகிறது. யாதகிரி ஓடிவந்து உலுக்குகிறான். “நக்கோ, நக்கோ, உலுக்காதே! யார் தூங்கினா? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்!” என்கிறேன் நான். எல்லா வீட்டிலும் குறட்டைக்காரர்கள் சொல்வது அதுதானே? ஹாலில் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றபடி எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் மாணிக்கம், எங்கள் ஷிஃப்ட் பஸ் டிரைவர்களில் ஒருவர். கழுத்தும் வயிறும் பெருத்த, வெள்ளை மனசுக்காரர். அவர் அப்பாவும் எங்கள் அப்பாவைப் போல ரயில்வேக்காரர்.

இரண்டாவது வரிசையில் நான்கு பெண்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி அல்ல, சேர்ந்தாற்போல் நான்கு பேர். குறட்டை நின்று மூச்சில்லாமல் கிடந்தேனே, அந்த இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீயோடு போனேன். லலிதா என்பவள் வெயிலைப் பற்றிப் பேசினாள். ரெஹானா என்பவள் பேசாமலே டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். இரண்டாவது டீக்கு ஒருத்தியும் நிற்கவில்லை.

ராவிடம் சொன்னேன். “நாலு பேரும் ஒரே செக்‌ஷனா?” என்றார். இல்லை. ஒரே தெருவா? இல்லை. “அப்ப நாலு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு?” விசாரித்ததில் ஒன்றுதான் கிடைத்தது. பாலாநகர் பக்கமிருந்து வரும் காலை ஷிஃப்ட் பஸ். அதை ஓட்டுபவர் மாணிக்கம். “அந்த பஸ்ல ஏறு” என்றார் ராவ்.

மறுநாள் காலையில் பாலாநகருக்குப் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். சொந்தக்காரர் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். காலை ஷிஃப்ட் பஸ் என்றால் எப்படியிருக்கும் என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். ஏறியதும் தலை சாயும்; கேட் வந்தால்தான் நிமிரும். பின்பக்கம் அப்படித்தான் இருந்தது. முன்பக்கத்தில் அந்த நான்கு பெண்களும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். டிரைவருக்கு நேர் பின்னால் ரெஹானா. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, தன் நாத்தனார் கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போய் நடந்த சண்டையை உரத்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும், கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி. “பாய், சுன்ரே க்யா?”

“ஹவ், ஹவ்” என்று ஆமாம் போடுவார் மாணிக்கம்.

“அப்போ மாப்பிள்ளையோட மாமா என்ன சொல்லிருப்பாரு, சொல்லுங்க!”

போயின்பள்ளி சிக்னலில் பஸ் நின்றது. ரெஹானா மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள். மாணிக்கத்தின் தலை மெல்ல மார்பில் இறங்கியது. லலிதா மடியிலிருந்த டிபன் பாக்ஸால் கம்பியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவர் துள்ளி நிமிர்ந்தார். “முழிச்சினுதாம்மா கீறேன்” என்று சிரித்தார்.

கேட்டில் இறங்கியதும் லலிதா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். “மேடம், நீங்க எதையும் பார்க்கல” என்றாள் தெலுங்கில். முறை வைத்துக்கொண்டார்களாம். ஒரு நாள் ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்ற மூவரும் மாணிக்கத்தின் தலை சாய்கிறதா என்று கவனிக்க வேண்டும். சொல்வதற்குக் கதை தீர்ந்துபோனால் டிவி சீரியல். “ரெஹானா குழந்தைக்குக் காய்ச்சல்னு லேட்டா ஓடி வந்தா, பஸ்ஸை நிறுத்தி வெச்சிருந்தாரு மேடம். மழைன்னா எங்களைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விடறாரு. உங்ககிட்ட சொன்னா அன்ஃபிட்னு எழுதி ஸ்டோர்ல மூட்டை தூக்க அனுப்பிடுவீங்க. அதான் நாங்களே பார்த்துக்கறோம்.”

அந்த நால்வரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. பஸ் நிறைய ஆட்கள். அவர்கள் உயிர் ஒரு டிபன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. “கதை சொல்லி வண்டி ஓட்ட முடியாது, லலிதா” என்று மட்டும் சொன்னேன்.

அன்றே மாணிக்கத்தை வரவழைத்தோம். பெருத்த கழுத்து தூக்கத்தில் மூச்சை அடைக்கும் என்பதால் முதலில் கழுத்தை அளந்தேன். பிரஷர் மூன்று மாத்திரைக்கும் அடங்காமல் நின்றது. வருடா வருடம் டிரைவர்களுக்குக் கண், காது, பிரஷர் எல்லாம் பார்த்தோம். தூக்கத்தைப் பற்றி அந்தப் பரிசோதனையில் ஒரு கேள்விகூடக் கிடையாது. அவர் மனைவி சரோஜாவையும் உட்கார வைத்துக் கேட்டேன். “நீங்க மேடையில செஞ்சீங்களாமே, அதே மாதிரிதாங்க. மூச்சு நின்னுடும். நான் முதுகுல தட்டுவேன். தட்டினா வரும்” என்றாள். ராத்திரி மனைவி தட்டுகிறாள், காலையில் பஸ்ஸில் தட்டுகிறார்கள். இவருக்கு மட்டும் விஷயமே தெரியாது.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, அதனால் ராத்திரியெல்லாம் தூங்கியும் தூங்காத உடம்பாகிவிடுகிறது, சிகிச்சை இருக்கிறது என்று ராவ் பொறுமையாக விளக்கினார். கடைசியில் வழக்கம்போல, “இப்ப என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்றார்.

“வண்டி ஓட்டுவேன் சார்” என்றார் மாணிக்கம்.

ராவ் மறுபடி விளக்கினார். மறுபடியும் அதே பதில். ராவ் பேனாவை எடுத்தார். சிகிச்சை முடிந்து பரிசோதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். “உங்க டிராமாவுக்கு நான்தானே டாக்டரம்மா ஜாஸ்தியா சிரிச்சேன்? எனக்கே ஆப்பு வெச்சிட்டீங்களே” என்றார். என் தொழிலில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தைதான் தைத்தது. ஆனாலும் அந்தக் கையெழுத்து சரியானது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

அடுத்த நிகழ்ச்சியில் முன் வரிசைகள் காலி. அந்தப் பெண்கள் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போனார்கள். புது டிரைவர் யாருக்காகவும் நிற்கவில்லை. அதைவிட மோசம், மற்ற டிரைவர்கள் உஷாராகிவிட்டார்கள். குறட்டை உண்டா என்று கேட்டால், “எங்க வீட்ல கொசுகூட சத்தம் போடாது மேடம்” என்றார்கள். மாணிக்கத்தின் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால் இனி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ராவ் என்னையும் கூட்டிக்கொண்டு போக்குவரத்து அதிகாரியிடம் போனார். தானாக வந்து சொல்கிற டிரைவருக்குச் சம்பளம் குறையக் கூடாது, சிகிச்சை பலித்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். பார்க்கலாம் சார் என்றார் அதிகாரி. “நாங்க போனதும் என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்றார் ராவ். அதிகாரி எதையோ சுற்றி வளைத்துச் சொன்னார். “நான் சரியாச் சொல்லல” என்று ராவ் முதலிலிருந்து ஆரம்பித்தார். மேஜையில் டீ ஆறியது, சாப்பாட்டு மணி அடித்தது. கடைசியில் அந்த மனிதர் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். சாயங்காலமே உத்தரவு வந்தது.

ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி மாணிக்கத்தின் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். நாங்கள் நினைத்ததைவிட மோசம். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிற ஒரு மெஷின் கொடுத்தார்கள். தினமும் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். “இத மாட்டினு படுத்தா என் பொண்டாட்டி பயந்து ஓடிடுவா” என்றார். “குறட்டைக்கே ஓடல, இதுக்கா ஓடப்போறேன்?” என்றாள் சரோஜா. கொஞ்ச நாள் மாட்டினார். பிறகு அது அட்டைப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. மாஸ்க்கிலிருந்து தொங்கும் குழாயைப் பார்த்து மகன் யானை என்று கூப்பிட்டானாம்.

நான் யாதகிரியிடம் சொல்லி அதே மாதிரி ஒரு மெஷினை வரவழைத்தேன். பஸ் ஷெட்டில், டிரைவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில், நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டினேன். வேண்டுமென்றே பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினேன். காற்று பக்கவாட்டில் பீறிட்டு விசில் அடித்தது. போனை எடுத்து என் மாமியாருக்கு ஹலோ சொன்னேன். வாத்து கத்தியதுபோல் இருந்தது. தண்ணீர் குடிக்கப் போய்ப் புடவையை நனைத்துக்கொண்டேன். டிரைவர்கள் டயர்களின் மேல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாணிக்கம் சிரிக்கவில்லை. நான் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டு இன்னொரு ஹலோ சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். “இன்னா டாக்டரம்மா இது, பெல்ட்டு தலகீழா கீது. கழட்டுங்க மொதல்ல.” அவரே கழற்றித் திருப்பி, என் தலையில் சரியாக மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். விசில் நின்றது. “வாய மூடணும். மூக்கால இழுக்கணும். ரெண்டு நாள் பேஜாரா இருக்கும், அப்புறம் பழகிடும்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, டிரைவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்ததுபோல் நின்றார். நான் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் மாட்டிக்கொண்டார். எத்தனை மணி நேரம் மாட்டினார் என்று மெஷினே கணக்கு வைத்துக் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் இதில் என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அந்த வாரத்திலேயே இன்னொரு டிரைவர் மனைவியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு தானாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். தூக்கத்தைப் பற்றிய கேள்வி வருடப் பரிசோதனையில் சேர்ந்தது. மாணிக்கத்தின் பிரஷர் இறங்கியது. மறுபடி பரிசோதித்து, ராவ் கையெழுத்துப் போட்டு, வண்டிச் சாவி அவர் கைக்கு வந்தது.

முதல் நாள் காலையில் நானும் பாலாநகரில் போய் ஏறினேன். பெண்கள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். லலிதா டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, நேத்து எங்க வீட்ல என்னாச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தாள்.

மாணிக்கம் கண்ணாடியில் பார்த்தார். “கதை வேணாம்மா. நீங்க தூங்குங்க.”

அவள் நம்பவில்லை. டிபன் பாக்ஸைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். போயின்பள்ளி சிக்னலில் பஸ் நின்றது. நால்வரும் முன்னால் சாய்ந்தார்கள். அவர் தலை நிமிர்ந்தபடியே இருந்தது. பச்சை விழுந்ததும், பின்னால் ஒரு ஹாரன் அடிப்பதற்கு முன், பஸ் கிளம்பியது. செகந்திராபாத் தாண்டுவதற்குள் ரெஹானாவின் தலை ஜன்னலில் சாய்ந்தது. பிறகு மற்ற இருவர். கடைசியாக லலிதா. டிபன் பாக்ஸ் அவள் மடியிலிருந்து நழுவி விழுந்து உருண்டது, ஒருத்தியும் அசையவில்லை. பஸ்ஸில் விழித்திருந்தவர்கள் மாணிக்கமும் நானும்தான். அவர் ஒருவர் போதும் என்று தோன்றியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.